மொய்க் கவரில் போன ராயல்டி

அதைத்தான் சாமி நான் சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் நீ "மீட்டிங்மா, அப்பறம் கூப்படறேன்" என்று போனை வைத்துவிட்டாய். வாய்ஸில் சொல்லலாம் என்றால், நான் அனுப்புகிற வாய்ஸையெல்லாம் நீ இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பதாக உன் அக்கா சொல்லிவிட்டாள். அப்படிக் கேட்டால் என் குரல் அணில் கத்துகிற மாதிரி இருக்குமாம். கடிதத்தை அப்படி ஓட்ட முடியாது. அதனால்தான் காலையில் ஆஞ்சநேயருக்கு விளக்கு வைத்த கையோடு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, உன் பழைய கோடு போட்ட நோட்டில் எழுதுகிறேன். எட்டாவதோடு நின்ற கை, தப்பு இருந்தால் பொறுத்துக்கொள். நீ பூனாவில் உன் ரூமில் கதவைச் சாத்திவிட்டுப் படி. பாதியில் எனக்குப் போன் செய்யாதே. முழுதும் படித்து முடித்துவிட்டு, அதற்குப் பிறகு திட்டு.

போனில் நீ என்ன சொன்னாய்? வைகாசியில் கல்யாணம் முடிந்ததும் ஊரோடு வந்துவிடுகிறேன், அப்பாவுக்கு ஓய்வு கொடுத்துவிட்டுப் பட்டறையை நான் பார்த்துக்கொள்கிறேன், புதுச் சாமான்கள் செய்ய இன்னும் இரண்டு டிசைனர்களைப் பிடித்து வைத்திருக்கிறேன் என்றாய். எனக்கு ஒரே சந்தோஷம். அதோடு நிறுத்தியிருக்கலாம். "கோகிலாவுக்குக் குடுக்கற மாதிரியே அவங்களுக்கும் ராயல்டிதாம்மா. மூணு வருசமா ஒரு பிரச்சனையும் இல்லாம ஓடுது பாருங்க" என்றாய். அந்த வார்த்தையைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பிரச்சினை இருந்தது கண்ணு. அந்தப் பிரச்சினை இப்போது உனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறது.

உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் முதலிலிருந்து ஆரம்பித்தால்தான் எனக்கு வரும். அப்போது நம் பட்டறையில் உன் அப்பாவின் தார்ப்பாய்க் கொக்கியை விட்டால் லாரிக்கு ஏணியும் டூல் பாக்ஸும் மட்டும்தான் செய்துகொண்டிருந்தோம். நாமக்கல்லில் அதைச் செய்யாத பட்டறை எது? நீதான் ஜேடர்பாளையத்திலிருந்து அந்தப் பெண் கோகிலாவைக் கூட்டிக்கொண்டு வந்தாய். கோயமுத்தூரில் டிசைன் படிப்பு படித்துவிட்டு, அவள் அம்மாவுக்கு முடியவில்லை என்று ஊரிலேயே இருக்கிறாள், வீட்டிலிருந்தே யாருக்கு வேண்டுமானாலும் வரைந்து கொடுப்பாள் என்றாய். லாரி கேபினுக்குள் சாமி படம் வைக்க ஒரு ஸ்டாண்டு செய்யலாம் என்பது அவள் யோசனை. டிரைவர்கள் பசை டேப்பில் ஒட்டி வைக்கிற படமெல்லாம் பிரேக் போட்டால் விழுகிறதே என்று அவள் சொன்னபோது, இத்தனை வருஷம் லாரி ஊரில் குடியிருந்தும் இது நமக்குத் தோன்றவில்லையே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

அவளோடு லாரியில் சேலம் போய் வந்தேனே, அதை உனக்கு முழுதாகச் சொல்லியிருக்கிறேனா? சாமி எப்படி ஆடுகிறது என்று ஓடுகிற லாரியில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்றாள். பெண் பிள்ளையைத் தனியாக அனுப்ப முடியுமா என்று நான் துணைக்குப் போனேன். கொண்டலாம்பட்டி போவதற்குள் மூன்று வேகத்தடை. மூன்று தடவையும் பிள்ளையார் என் மடியில் விழுந்தார். நான் மூன்று தடவையும் அவரை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அவள் மூன்று தடவையும் நோட்டில் எழுதிக்கொண்டாள். ஊதுவத்தி சாம்பல் டிரைவர் கண்ணில் பறந்தது, அதையும் எழுதிக்கொண்டாள். விபூதி டப்பா கவிழ்ந்து நாங்கள் மூன்று பேரும் பண்டாரம் மாதிரி சேலத்தில் இறங்கினோம். டிரைவர் மட்டும், "ஏனுங்கம்மா, நீங்க ரெண்டு பேரும் எந்த ஆபீஸ்லிருந்து வாரீங்க" என்று கடைசி வரை கேட்டுக்கொண்டே வந்தார். அதற்குப் பிறகு அவள் வரைந்து கொடுத்த ஸ்டாண்டு இருக்கிறதே, அடியில் ரப்பர், பக்கத்தில் ஸ்பிரிங் கிளிப்பு, சாம்பல் விழ ஒரு குட்டி டிராயர், லாரியே கவிழ்ந்தாலும் சாமி நின்ற இடத்தில் நிற்கும்.

சாமானுக்கு நல்ல பெயர் வந்தது. அவளுக்கு மொத்தமாகக் கொடுக்க நம்மிடம் அன்றைக்குப் பணம் இல்லை. "ஸ்டாண்டு ஒண்ணு வித்தா அவளுக்குப் பதினஞ்சு ரூபாய்மா. விக்கலைன்னா அவளுக்கும் ஒண்ணுமில்ல, நமக்கும் ஒண்ணுமில்ல. இதுக்குப் பேருதான் ராயல்டி" என்று நீ இதே மேசையில் உட்கார்ந்து எனக்கு விளக்கினாய். "அப்ப வாரத்துக்கு மாடு உடற மாதிரி. கன்னுக்குட்டி அவுளுது, தீனி போட்டு வளக்கறது நாம. வர்றதுல ஆளுக்குப் பங்கு" என்றேன். நீ சிரித்துவிட்டு, அதேதான் என்றாய். அடுத்த மாதமே பூனாவில் வேலை கிடைத்தது. கிளம்புகிற அன்று ஒரு சீட்டில் அவளுடைய பேங்க் நம்பரை எழுதி என் கையில் கொடுத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அனுப்பிவிடுங்கள் என்று சொன்னாய். உன் அப்பா கிரைண்டர் சத்தத்தில் போனையே எடுக்க மாட்டார், பால்காரருக்கும் கேபிள்காரருக்கும் போனில் பணம் அனுப்புகிறவள் நான்தான் என்பதால் அந்த வேலை என்னிடம் வந்தது.

இப்போது நான் செய்த காரியத்துக்கு வருகிறேன். முதல் மூன்று மாதம் முடிந்தது. நாலாயிரத்துச் சொச்சம் வந்தது. போனை எடுத்தேன், சீட்டை எடுத்தேன், கை வரவில்லை சாமி. கேபிளுக்குக் கட்டுகிற அதே விரலால், சாமிக்கு இடம் செய்து கொடுத்த பெண்ணுக்கு ஒரு அமுக்கு அமுக்கி அனுப்புவதா? ஒரு மஞ்சள் இல்லை, குங்குமம் இல்லை, நல்ல நேரம் இல்லை. அவள் ஒன்றும் நம்மிடம் கூலிக்கு வந்தவள் இல்லையே, மானமாக விவசாயம் செய்கிற குடும்பமாயிற்றே என்று தோன்றியது. அந்த வாரம்தான் அவள் அக்கா பையனுக்குக் காது குத்து என்று பத்திரிகை வந்திருந்தது. ஆஞ்சநேயரே வழி காட்டிவிட்டார் என்று நினைத்தேன். பணத்தை ஒரு கவரில் போட்டு, நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, மேலே ஒரு ரூபாய் சேர்த்து, ஜேடர்பாளையம் போய் மொய் எழுதுகிறவரிடம் கொடுத்தேன். அவர் என் முகத்தையும் கவரையும் மாறி மாறிப் பார்த்து, "நாலாயிரமுங்களா, நானூறுங்களா" என்று இரண்டு தடவை கேட்டுத்தான் எழுதினார். கோகிலாவைத் தனியாகக் கூப்பிட்டு, "உன்ற பணத்த மொய்யோட வெச்சுட்டேன் கண்ணு" என்று காதில் சொன்னேன். அவள் என்னவோ சொல்ல வந்தாள். பந்திக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

நீ போனில், "கோகிலாவுக்குப் போயிருச்சாம்மா" என்று கேட்டாய். "போயிருச்சு" என்றேன். அது பொய் இல்லை. அவர்கள் ஊட்டுக்குத்தானே போனது. நீயும் அதற்கு மேல் கேட்கவில்லை, எத்தனை ஸ்டாண்டு விற்றது என்று மட்டும் கேட்டாய். அதை ஏன் சொல்கிறேன் என்று பிறகு சொல்கிறேன்.

அடுத்த மூன்று மாதம் வந்தது. அவர்கள் ஊட்டில் விசேஷம் எதுவும் இல்லை. விசேஷம் இல்லாமல் மொய் வைக்க முடியாதே. கோகிலாவின் அப்பா பொன்னுசாமி அண்ணனுக்கு நானே போன் போட்டு, "ஏனுங்கண்ணா, உங்கூட்ல ஒரு விசேசமும் இல்லீங்களா" என்று கேட்டேன். மாட்டுக்கொட்டகைக்குப் புதுசாக ஷீட் போட்டிருக்கிறோம், அதற்கெல்லாம் யாருங்க விசேஷம் வைப்பார்கள் என்றார். "கோமாதா இருக்கற எடமுங்கண்ணா, பால் காச்சாம உடலாமுங்களா" என்றேன். பாவம், மனிதர் அந்தப் பேச்சைத் தட்டாமல் முப்பது பேருக்கு இலை போட்டார். அதற்கடுத்து புது மோட்டாருக்குப் பூஜை. அதற்கடுத்து அதே மோட்டார் புகைந்து உள்ளே கம்பியைப் புதிதாகச் சுற்றி மாட்டினார்களே, அதற்கும் ஒரு பூஜை. இப்படி மூன்று வருஷமும் ஏதாவது ஒன்று, ஒவ்வொன்றுக்கும் நான் மஞ்சள் தடவிய கவரோடு போய் நின்றேன். ஊரில், "நாமக்கல்லு பட்டறையம்மாவுக்கு இந்தூட்டு மேல இத்தன பாசமா" என்று பேசிக்கொண்டார்களாம். அவர்கள் ஒறம்பரை, சொந்தக்காரி ஒருத்தி என்னிடமே, "இத்தன செய்யறீங்களே, பேசாம கோகிலாவையே மருமகளா எடுத்துக்கலாமில்லீங்க" என்றாள். பக்கத்தில் நின்ற கோகிலா, "மருமகளாயிட்டா ராயல்டி எப்புடீங்க கேக்கறது" என்றாள். எல்லோரும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை என்று இப்போது நினைத்துப் பார்த்தால்தான் தெரிகிறது.

இனிமேல்தான் நான் தலை குனிகிற இடம். மொய் வாங்கினவர் சும்மா இருப்பாரா? நம் வீட்டு விசேஷத்துக்கு வந்து, நாம் வைத்ததையும் வைத்து அதற்கு மேலேயும் கொஞ்சம் சேர்த்து வைத்தால்தான் அவருக்கு மரியாதை, இது உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உன் அக்காவுக்கு வளைகாப்பு வந்தது, பொன்னுசாமி அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, நான் வைத்ததற்கு மேல் ஐந்நூறு சேர்த்து வைத்தார். குழந்தைக்குப் பெயர் வைத்தோம், வந்தார், வைத்தார். உன் அப்பாவுக்கு அறுபது முடிந்து தாலி கட்டினார், வந்தார், ஆயிரம் சேர்த்து வைத்தார். நான் அந்தப் பெண்ணுக்குக் கொடுத்த ராயல்டியெல்லாம் அவள் அப்பா கையால் வட்டி போட்டு என் பீரோவுக்கே திரும்பி வந்துகொண்டிருந்தது. எனக்குத் தெரியாதா என்று நீ கேட்பாய். மூன்றாவது தடவையே தெரிந்தது. எவ்வளவு பெருந்தன்மையான குடும்பம் என்று சொல்லிக்கொண்டேன். எல்லாம் ஆஞ்சநேயர் கொடுக்கிறார் என்றும் சொல்லிக்கொண்டேன். ஆஞ்சநேயர் கொடுக்கவில்லை, கோகிலா கொடுத்துக்கொண்டிருந்தாள். சாமியை நடுவில் நிறுத்திவிட்டு நான் பின்னால் ஒளிந்துகொண்டேன், அதற்காக ஒன்பது சனிக்கிழமை வடைமாலை வேண்டியிருக்கிறேன், அது வேறு கணக்கு.

போன வாரம் காலையில் கோகிலா வந்தாள். உன் கல்யாணப் பத்திரிகையை அதற்கு நாலு நாள் முன்னால்தான் அவர்கள் ஊட்டில் வைத்துவிட்டு வந்திருந்தோம். பையில் ஒரு வரைபடம் வைத்திருந்தாள். டிரைவர்களின் சாப்பாட்டுத் தூக்கை எஞ்சின் சூட்டிலேயே சூடாக வைத்திருக்கிற ஒரு பெட்டியாம். அடடா என்று கையில் வாங்கப் போனேன். கொடுக்கவில்லை. மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"அத்தை, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே."

"சொல்லு கண்ணு. மொதல்ல அந்தப் பணியாரத்தத் தின்னு."

"இந்த ராயல்டிய நிறுத்திக்கலாமுங்களா."

"ஏங்கண்ணு, பத்தலையா? தம்பிகிட்டச் சொல்லி இருவது ரூவாயாக்கிப் போடலாம்."

"ஐயோ, வேண்டாமுங்க. பதினஞ்சுக்கே எங்களுக்குக் கட்டுபடியாகலீங்க."

பணியாரத்தைத் தட்டில் வைத்துவிட்டு அழ ஆரம்பித்தாள். விசேஷத்துக்கு இலை போட்ட செலவு ஒரு பக்கம், நமக்குத் திருப்பி வைத்த மொய் ஒரு பக்கம். ஸ்டாண்டு எவ்வளவு அதிகம் விற்கிறதோ அவ்வளவு அவர்கள் ஊட்டில் பணம் குறைகிறது. "ரோட்ல லாரி போனா நம்ம ஸ்டாண்டு இருக்குதானு பாக்கறனுங்க. இருந்தா, ஐயோ இன்னொரு மொய்யானு கணக்குப் போடறனுங்க அத்தை" என்றாள். உலகத்தில் தான் செய்த சாமான் விற்கக் கூடாது என்று சாமியைக் கும்பிட்ட டிசைனர் அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

"உங்கப்பாகிட்ட நீ சொல்லலியா, அது உன்ற சம்பாத்தியம்னு?"

"சொன்னனுங்க. 'அந்தம்மா மஞ்சத் தடவி வெச்ச மொய்யப் போயி சம்பளம்ங்கற, நாக்கு அழுகிப் போயிரும்'னு திட்டிப்போட்டாருங்க."

"எங்கிட்டயாவது சொல்லக் கூடாதா?"

"நீங்க அத்தன ஆசையா வாரீங்க. எப்புடீங்க சொல்றது."

அதற்குப் பிறகு சொன்னதுதான் பெரிசு. உன் கல்யாணம் பெரிய விசேஷம் இல்லையா, இதுவரை நான் வைத்ததற்கெல்லாம் சேர்த்து ஐம்பதாயிரத்து ஒன்று வைத்தால்தான் கௌரவம் என்று பொன்னுசாமி அண்ணன் முடிவு செய்துவிட்டாராம். கையில் பணம் இல்லை. இரண்டு கறவை மாட்டையும் வியாபாரிக்குப் பேசி முன்பணமும் வாங்கிவிட்டார். வருகிற செவ்வாய்க்கிழமை ஓட்டிக்கொண்டு போகிறார்கள். அந்த இரண்டு மாட்டுப் பாலில்தான் அவள் அம்மாவுக்கு மருந்து. இந்தச் சாப்பாட்டுப் பெட்டி வரைபடத்தை ஓசூரில் ஒரு கம்பெனி மொத்தமாக விலைக்குக் கேட்கிறதாம், மாத முடிவுக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். கொடுத்துவிட்டு அந்தப் பணத்தில் மாட்டை மீட்கலாமா என்று பார்க்கிறாள். நமக்குக் கொடுத்தால் மறுபடியும் மொய் வைத்துவிடுவேன் என்று பயம்.

நான் உடனே நேரே போய் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். எனக்குத் தைரியம் வரவில்லை. உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் கிரைண்டரை நிறுத்திவிட்டு முழுதும் கேட்டார், அதுவே பெரிய விஷயம். "பத்திரிகைல மொய் வேண்டாம்னு போட்டுரு" என்றார். "முப்பது வருசம் சுத்துப்பட்டு ஊருக்கெல்லாம் நாம வெச்ச மொய் என்னாவறது" என்றேன். "அப்ப அவியளுக்கு மட்டும் போடு" என்று சொல்லிவிட்டு மறுபடி கிரைண்டரைப் போட்டுவிட்டார். அதை நான் வேத வாக்காக எடுத்துக்கொண்டேன். பிரஸ்ஸுக்குப் போய், "தங்கள் வருகையே போதும், மொய் அன்புடன் தவிர்க்கப்படுகிறது" என்று அடியில் ஒரு வரி சேர்த்து ஒரே ஒரு பத்திரிகை கேட்டேன். இருபத்தைந்துக்குக் குறைந்து அடிக்க முடியாது என்றார்கள். அடித்தேன். ஒன்றை ஜேடர்பாளையத்துக்கு அனுப்பினேன். மீதி இருபத்து நாலையும் மேசை மேல் வைத்திருந்தேன். உன் அப்பா அதையும் சேர்த்து அள்ளிக்கொண்டு ராசிபுரம் பக்கம் பத்திரிகை வைக்கப் போய்விட்டார். அந்தப் பக்கத்து சொந்தக்காரர்கள் எல்லாம் நம்மை ஒரேயடியாகப் புகழ்வதாகக் கேள்வி.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு பொன்னுசாமி அண்ணன் மொபெட்டில் வந்துவிட்டார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. முதலில் வைத்த பத்திரிகையையும் இரண்டாவது அனுப்பியதையும் மேசை மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"இது என்னுங்கம்முணி."

"அது வந்துங்கண்ணா…"

"பக்கத்தூட்டுக்கு வந்த பத்திரிகைல இந்த வரி இல்லீங்களே. எங்க கைப் பணம் மட்டும் கசக்குதுங்களா? நாங்க என்ன கொறை வெச்சோம்?"

அவர் கண் சிவந்திருந்தது. மாட்டை விற்றாவது நமக்கு மரியாதை செய்ய நினைத்த மனிதரை, மொய் வைக்கத் தகுதியில்லாதவர் மாதிரி நிற்க வைத்துவிட்டேன் சாமி. அதற்கு மேல் என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். லாரி, ஸ்டாண்டு, பதினைந்து ரூபாய், நீ எழுதிக் கொடுத்த சீட்டு, நான் தடவிய மஞ்சள், எல்லாம். நான் வைத்த ஒவ்வொரு கவரும் அவருடைய பெண் வேலை செய்து சம்பாதித்த பணம், மொய் இல்லை என்றேன்.

அவர் இரண்டு பத்திரிகையையும் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினார். அப்புறம் உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார். கொண்டு வந்து கொடுத்ததைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"அப்ப எம்புள்ள சம்பாரிச்சுதுங்களா."

"மூணு வருசமா, அண்ணா."

"நான் அதைய, 'படிக்க வெச்சதுக்கு நாளெல்லாம் லேப்டாப்ல பொம்மை வரைஞ்சிட்டு ஊட்டுச் சோத்தத் தின்னுட்டுக் கெடக்கற'ன்னு பேசிட்டேனுங்கம்முணி. ஒரு நாள் ரெண்டு நாளில்லீங்க, மூணு வருசமா பேசிட்டேன்."

பணம் போனதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் என்னை இன்னும் குத்துகிறது. கௌரவமாகச் செய்கிறேன் என்று அந்தப் பெண்ணின் பணத்தை அவள் அப்பா பெயரில் எழுத வைத்தேன். அவள் சம்பாதிக்கிறாள் என்பது அவள் ஊட்டுக்கே தெரியாமல் போய்விட்டது. நான் பணத்தைத்தான் சுற்றில் விட்டேன் என்று நினைத்திருந்தேன், அவள் பெயரையே தொலைத்திருக்கிறேன். பொன்னுசாமி அண்ணன் எழுந்து, "மாட்டுக்கு வாங்குன முன்பணத்தத் திருப்பிக் குடுத்துட்டு வாரேன்" என்று கிளம்பினார். வாசல் வரை போய்த் திரும்பி, "இனிமே மோட்டார் பூசைக்குக் கூப்பட மாட்டேனுங்க" என்றார். அவர் முகத்தில் அன்றைக்கு வந்த முதல் சிரிப்பு அது.

அதனால் கண்ணு, நீ வந்து செய்ய வேண்டியதைக் கேட்டுக்கொள். முதல் ஸ்டாண்டிலிருந்து இன்று வரை அவளுக்குச் சேர வேண்டியது முழுதும் அவள் பெயரில் இருக்கிற கணக்குக்கு உன் கையாலேயே போக வேண்டும். நான் கவரில் வைத்ததைக் கழிக்காதே. அது மொய்யாக எழுதியாகிவிட்டது, அவர்களும் மொய்யாகவே திருப்பிவிட்டார்கள், அந்தக் கதையை நானும் பொன்னுசாமி அண்ணனும் எங்கள் காலத்துக்குள் முடித்துக்கொள்கிறோம். என் பீரோவில் இருப்பதை எடுத்துத் தருகிறேன், போதாததை உன் அப்பா போடுவார், இன்னும் அவரிடம் சொல்லவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எத்தனை விற்றது, எத்தனை திரும்பி வந்தது என்று ஒரு தாளில் எழுதி பணத்தோடு சேர்த்து அனுப்பு. அவள் பெயரைப் போட்டு அனுப்பு. மஞ்சள் தடவாதே. போனில் ஒரு அமுக்கு அமுக்கி அனுப்புவதில் ஒரு குறைச்சலும் இல்லை என்று இப்போது தெரிந்துகொண்டேன்.

உன் மேலும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். மூன்று வருஷமும் எத்தனை விற்றது என்று என்னைக் கேட்டாய். உனக்கு வந்து சேர்ந்ததா என்று அவளை ஒரு தடவை நீ கேட்டிருந்தால் இந்தக் கூத்து முதல் கவரோடு நின்றிருக்கும். அம்மா பார்த்துக்கொள்வாள் என்று விட்டுவிட்டாய். அம்மா பார்த்துக்கொண்ட லட்சணம்தான் மேலே எழுதியிருக்கிறேனே. இப்போது புதிதாகப் பிடித்திருக்கிற இரண்டு பேரிடமும், எல்லோருக்கும் ராயல்டி ஒத்து வரும் என்று நீயே முடிவு செய்துவிடாதே. கோகிலா ஊட்டில் நெல் இருந்தது, பால் இருந்தது, விற்கிற வரை காத்திருந்தாள். சேலத்தில் ரூம் எடுத்து வாடகை கட்டுகிற பிள்ளைக்குக் காத்திருக்க எங்கே முடியும்? பாதியை முன்னாலேயே கொடு, மீதியை விற்பனையில் கொடு, அவர்களையே கேள், எது வேண்டும் என்று. சாமான் விற்கவில்லை என்றாலும் வாயைத் திறந்து சொல். பணம் வராததை விட, ஏன் வரவில்லை என்று தெரியாமல் இருப்பதுதான் ஆளை அரித்துவிடும்.

சாப்பாட்டுப் பெட்டி இன்னும் அவள் பையில்தான் இருக்கிறது. நேற்று நானே போன் போட்டு, தம்பி வந்து பேசுவான், அதுவரை ஓசூருக்குச் சரி சொல்லிவிடாதே என்று கெஞ்சினேன். "அவரு பேசட்டுமுங்க அத்தை. நீங்க மட்டும் நடுவுல வராதீங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், ஆனால் சொன்னாள். மாத முடிவுக்கு இன்னும் எட்டு நாள் இருக்கிறது. இந்தக் கடிதத்தை மடித்து வைத்ததும் நீ முதலில் போட வேண்டிய போன் எனக்கு இல்லை, அவளுக்கு. பொன்னுசாமி அண்ணன் உன் கல்யாணத்துக்கு நூற்றொரு ரூபாய் வைப்பார், அதற்கு மேல் வைத்தால் நானே மொய் நோட்டைப் பிடுங்கிவிடுவேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். சம்மதித்திருக்கிறார், சாமி முன்னால் சத்தியம் செய்கிற மாதிரி இல்லை, கொஞ்சம் இழுத்துத்தான் சம்மதித்திருக்கிறார். பார்ப்போம்.

இத்தனையும் எழுதிவிட்டு, நம் பட்டறைக்கு வரைந்து கொடுத்தவர்களில் பாக்கி இனி யாருக்கும் இல்லை என்று மனசாரக் கும்பிட்டுக்கொண்டு நோட்டை மூடப் போனேன். அப்போதுதான் ஞாபகம் வருகிறது சாமி. தார்ப்பாய் கட்டுகிற கொக்கி இருக்கிறதே, கயிறு நழுவாமல் ஒரு வளைவு வைத்தது, நீ பிறப்பதற்கு முன்னாலிருந்து நாம் விற்று வருகிறோமே, உன் அப்பா கண்டுபிடித்தது என்று பெண் பார்க்கப் போன வீட்டில்கூடப் பெருமையாகச் சொன்னோமே, அதை உன் அப்பா கண்டுபிடிக்கவில்லை. மேட்டூரிலிருந்து லோடு ஏற்றி வந்த ஒரு டிரைவர், ஏணி வெல்டிங் முடிகிற வரை சும்மா இருக்க முடியாமல் கம்பியை வளைத்துக் காட்டிவிட்டுப் போனார். பெயர் முருகேசன். அவருக்கு நாம் கொடுத்தது ஒரு மதியச் சோறுதான். அன்றைக்கு ரசம்கூட வைக்கவில்லை.